பிடுங்கினது நான்தான்

பையனோட 2017 மாடல் நின்டெண்டோ ஸ்விட்ச்ல சார்ஜே நிக்கல. 4310 எம்ஏஹெச் பேட்டரி, மாத்தறது என்ன பெரிய வித்தைன்னு நானே திறந்தேன்.

"அப்பா, ஒயரைப் பிடிச்சு இழுக்காதீங்க."

இழுத்தேன். பிளக்கோட சேர்ந்து மதர்போர்டு சாக்கெட்டும் கையோட வந்துருச்சு. அவன் ஒண்ணுமே சொல்லல. அதுதாங்க வலிச்சுது.

மும்பை லேமிங்டன் ரோட்ல ஒரு சின்னக் கடை. மைக்ராஸ்கோப்புல பார்த்தவர், போர்டுல செம்புப் பட்டை பிய்யாம இருக்கு, பொழைச்சீங்கன்னார். சுத்தி டேப் ஒட்டி, ஃப்ளக்ஸ் தடவி, ஹாட் ஏர்ல புது சாக்கெட்டை உட்கார வெச்சார். மீட்டர்ல ஷார்ட் இல்லைன்னு பார்த்துட்டுத்தான் பேட்டரியை எடுத்தார். பிளக்கைக் கழட்டறப்ப பிளாஸ்டிக் குச்சியால நேரா மேல நெம்பணுமாம்.

மாட்டினது பையன். நான் டார்ச் மட்டும் பிடிச்சேன்.