மூன்று கடிதங்களும் ஒன்பது மா நிலமும்

பெண்ணுக்கு மேல்படிப்பு என்றால் இடம் கிடைக்குமா, கிடைக்காதா என்று கவலைப்படுவதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் 2024-ம் வருஷம் நடந்ததோ வேறு மாதிரி. சென்னையில் எம்.எஸ்ஸி. சைக்காலஜி முடித்த என் பெரிய பெண்ணுக்கு மூன்று இடங்களிலிருந்து 'வந்து சேர்ந்துகொள்' என்று கடிதம் வந்துவிட்டது. மூன்றுமே காசு கொட்டிக் கொடுக்கவேண்டிய இடங்கள். ஒரு அரசு நிறுவனத்துக்கும் பரிட்சை எழுதியிருந்தாள். அங்கே காத்திருப்போர் பட்டியலில் நாலாவது பெயர். அரசு நிறுவனங்களில் பீஸ் குறைவு. ஆனால் விரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இடம். முன்னால் இருக்கிற மூன்று பேரும் விலகினால்தான் நமக்கு என்றால் அதை நம்பி உட்கார முடியுமா?

அந்த வருஷம் பார்த்து ஜூன் 12-ந் தேதி மேட்டூர் திறக்கவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். திருவையாறு பக்கத்தில் எங்களுக்கு இருப்பது ஒன்பது மா நஞ்சை. மூன்று மா ஒரு ஏக்கர் என்று கணக்கு. குறுவை போடாமல் நிலம் வெடித்துக் கிடக்கிற நேரத்தில், கூடத்து மேஜையில் இந்த மூன்று கடிதங்களும் கிடந்தன.

முதலாவது இங்கிலாந்து. ஒரே வருஷத்து எம்.எஸ்ஸி. பீஸ் 19,500 பவுண்டு. இரண்டாவது பக்கத்து மாநிலத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். மருத்துவ உளவியலில் இரண்டு வருஷ எம்.ஃபில்., வருஷத்துக்கு நாலரை லட்சம், சொந்தமாக ஆஸ்பத்திரி உண்டு. மூன்றாவதும் அதே எம்.ஃபில். படிப்புதான், வேறொரு தனியார் இடம், வருஷத்துக்கு இரண்டரை லட்சம்.

பத்தாவது வரை படித்த எனக்கு இதில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. "எம்.எஸ்ஸி. முடிச்சாச்சே, அப்புறம் எதுக்கு இன்னொரு எம்.எஸ்ஸி.?" என்று கேட்டேன். பெண் பொறுமையாக உட்கார்ந்து சொன்னாள். மாத்திரை எழுதித் தருகிறவர் மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து மேலே படித்தவர். பேசிப் பேசிச் சிகிச்சை செய்வதும், சோதனைகள் வைத்துக் குறை எங்கே என்று பார்ப்பதும் மருத்துவ உளவியலாளர் வேலை. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவ உளவியலாளர் என்றால் யார் என்றே எழுதி வைத்திருக்கிறார்களாம். சும்மா சைக்காலஜி எம்.ஏ., எம்.எஸ்ஸி. மட்டும் போதாது. இந்திய மறுவாழ்வுக் குழுமம், ஆர்.சி.ஐ. என்பார்கள், அது அங்கீகரித்த இடத்தில், மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்துப் பயிற்சி எடுத்திருக்கவேண்டும். அப்புறம் அந்தக் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். இது தெரியாமல் எத்தனை பெற்றோர், பெரிய பெயருள்ள காலேஜாகப் பார்த்துப் பணத்தைக் கட்டிவிட்டு முழிக்கிறார்களோ!

இன்னொரு நெருக்கடியும் இருந்தது. எம்.ஃபில். என்ற பட்டத்தையே பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் நிறுத்திவிட்டது. மருத்துவ உளவியலுக்கும் மனநல சமூகப் பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை சேர்க்கலாம் என்று 2024 ஜனவரியில் தவணை கொடுத்தார்கள். ஆக, 'இந்த வருஷம் வேண்டாம், நெல் விளைந்த பிறகு பார்க்கலாம்' என்று அதிக நாள் தள்ளிப்போடவும் வழியில்லை.

இவளுக்கு ஏன் இந்தப் படிப்பில் இவ்வளவு பிடிவாதம் என்று கேட்பீர்கள். என் அப்பாவின் தங்கை, எங்கள் சின்ன அத்தை, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதிரி ஆகிவிட்டார். குழந்தை அழுதால் எடுக்கமாட்டார். சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காற்று சேஷ்டை என்றார்கள், கண் என்றார்கள். திருச்சிக்கு மேற்கே காவிரிக்கரையில் இருக்கிற குணசீலத்தில் ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைத்தார்கள். அப்புறம் ஆஸ்பத்திரி, மாத்திரை. தேறினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'உனக்கு என்னம்மா செய்கிறது?' என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்க அன்றைக்கு ஆளில்லை. இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள் என் பெண். பிரசவத்துக்குப் பின்னால் இப்படி வருவது நோய், குணப்படுத்தக் கூடியது என்று இன்று எல்லா டாக்டர்களும் சொல்கிறார்கள். கைக்குழந்தையோடு இதைப் படிக்கிற தங்கைகள் யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே கிடந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். 14416 என்ற எண்ணில் 2022 முதல் 'டெலி மானஸ்' என்று அரசாங்கமே இலவசமாக நடத்துகிறது. தமிழிலேயே பேசலாம்.

கடிதங்களுக்கு வருகிறேன். என் கொழுந்தனார் திருச்சியில் இருக்கிறார். அவர் ஒரே பிடியாக இங்கிலாந்துதான் என்றார். "அண்ணி, லண்டன்ல படிச்ச பொண்ணுன்னா வரன் பாக்கறப்பவே தனி மதிப்பு" என்றார். என் மாமியாருக்கு அதில் கொஞ்சமும் சம்மதமில்லை. "காசு போனா சம்பாதிச்சுக்கலாம். நெலம் போனா மறுபடி யாரு தருவா?" என்று வெற்றிலைச் செல்லத்தை டப்பென்று மூடினார். என் வீட்டுக்காரர் எதுவும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் மனசுக்குள் நிலத்தை விலை பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

நான் ஒரு நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். அப்போது பவுண்டு 106 ரூபாய். பீஸ் மட்டும் இருபது லட்சத்து அறுபத்தேழாயிரம். தங்க, சாப்பிட மாதம் ஆயிரம் பவுண்டு என்று வைத்தாலும் பன்னிரண்டே முக்கால் லட்சம். அதற்கு மேல் விசா, விமான டிக்கெட், அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கென்று வருஷத்துக்கு 776 பவுண்டு தனி. 35 லட்சத்துக்குக் குறையாது. அதை 11 வட்டியில் பத்து வருஷத்துக்குக் கடன் வாங்கினால் மாதத் தவணை 48,000 சொச்சம். பெண்ணின் சீனியர்கள் இரண்டு பேர் வேலையில் சேர்ந்தபோது வாங்கிய சம்பளமோ முப்பதாயிரத்தைத் தொடவில்லை. ஏழரை லட்சத்துக்கு மேல் படிப்புக் கடன் என்றால் பாங்கில் சொத்து ஜாமீன் கேட்பார்கள். நம்மிடம் சொத்து என்றால் அந்த ஒன்பது மாதான்.

இந்த நோட்டை நான் பெண்ணிடம் உடனே காட்டவில்லை. காட்டியிருந்தால் மூன்றிலும் மலிவானதை எடுத்துக்கொண்டு 'எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு' என்று சொல்லிவிடுவாள். அவள் குணம் எனக்குத் தெரியும். தீபாவளிப் புடவையிலேயே அப்படிச் செய்கிறவள். ராத்திரி பாத்திரம் ஒழித்துப் போட்டுக்கொண்டிருக்கையில் கேட்டேன்: "மூணும் இனாம்னு வச்சுக்கோ. ஒரு பைசா செலவில்ல. எங்க போவ?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ரெண்டாவது" என்றாள்.

"லண்டன் இல்லையா?"

"அங்க போனா ஒரு வருஷம் நல்லாப் படிக்கலாம்மா. ஆனா நோயாளிங்களோட உட்காரற பயிற்சி அந்தப் படிப்புல இல்ல. முடிச்சிட்டு வந்து திரும்பவும் இங்க எம்.ஃபில்.தான் தேடணும்."

அவள் சொன்னது சரிதான் என்று விசாரித்ததில் தெரிந்தது. இங்கிலாந்திலேயே ஒரு எம்.எஸ்ஸி.யை வைத்துக்கொண்டு மருத்துவ உளவியலாளர் என்று போர்டு போட முடியாது. மூன்று வருஷ டாக்டர் பட்டம் முடித்து அந்த நாட்டுப் பதிவேட்டில் பெயர் ஏறவேண்டும். அமெரிக்காவிலும் சைக்காலஜிஸ்ட் என்று லைசென்ஸ் வாங்க அநேகமாக எல்லா மாநிலங்களிலும் டாக்டர் பட்டம் வேண்டும். அங்கே பி.எச்டி.க்கு எடுத்தால் பெரும்பாலும் பீஸைத் தள்ளிக் கையில் உதவித்தொகையும் தருகிறார்கள், சை.டி. என்கிற இன்னொரு பட்டத்துக்குப் பெரும்பாலும் நாம்தான் கட்டவேண்டும். இதையெல்லாம் எங்களுக்கு அட்மிஷன் வாங்கிக்கொடுத்த ஏஜென்ட் சொல்லவே இல்லை. ஏஜென்டுகளுக்குக் கமிஷன் அந்தப் பல்கலைக்கழகங்களிலிருந்து போகிறது. நம்மிடம் காசு வாங்காமல் இனாமாக உழைக்கிறாரே என்று நாம் நெகிழ்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறோம்!

மிச்சம் இரண்டு. இரண்டரை லட்சம் கேட்ட இடம் மாமியாருக்குப் பிடித்திருந்தது, எனக்கும்தான். ஆர்.சி.ஐ. இணையதளத்தில் எந்தக் கல்லூரிக்கு எந்த வருஷம் வரை அங்கீகாரம், எத்தனை இடம் என்று பட்டியல் இருக்கிறது. பெண் அதைத் திறந்து பார்த்தாள். அந்தக் கல்லூரிக்கு முந்தின வருஷத்தோடு காலம் முடிந்திருந்தது. போன் போட்டுக் கேட்டால், "புதுப்பிக்க அனுப்பியிருக்கோம் மேடம், வந்துடும்" என்றார்கள். வரலாம். வராமலும் போகலாம். இரண்டு வருஷமும் ஐந்து லட்சமும் 'வந்துடும்' என்ற ஒரு வார்த்தையை நம்பிப் போவதா? மலிவு என்றதும் அதைப் பிடித்துக்கொண்ட மாமியாரே, "பட்டா இல்லாத நெலத்த யாராவது வாங்குவாளா?" என்று கேட்டுவிட்டார்.

நாலரை லட்சத்து இடத்தை நானும் பெண்ணும் நேரிலேயே போய்ப் பார்த்தோம். ராத்திரி பஸ். ஆபீஸில் ஒரு வழவழப்பான புத்தகம் கொடுத்தார்கள். அதில் நீச்சல் குளம் இருந்தது. பெண் உள்ளே பேராசிரியரைப் பார்க்கப் போனதும் நான் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தேன். மனநலப் பிரிவு வாசலில் வேப்பமரம், அதன் கீழே நோயாளிகளைக் கூட்டிவந்தவர்கள். சோற்று மூட்டையும் பிளாஸ்டிக் கூடையுமாக உட்கார்ந்திருந்த ஒரு தமிழ் அம்மாளிடம் பேச்சுக் கொடுத்தேன். மகனுக்கு ஆறு மாதமாக அங்கே வைத்தியமாம். "படிக்கிற பிள்ளைங்க வந்து பேசுதா?" என்று கேட்டேன். "தெனமும் ஒரு பொண்ணு வந்து அரை மணி ஒரு மணி அவன்கூட உக்காந்து கேக்குது. அது எழுதறத வாரத்துக்கு ஒரு தடவை பெரிய அம்மா வந்து பாத்துக் கேள்வி கேக்கறாங்க" என்றார். நீச்சல் குளத்தைவிட இது எனக்குப் பிரயோஜனமாக இருந்தது. அங்கேயே இரண்டாம் வருஷம் படிக்கிற பெண்களிடம் பெண்ணும் விசாரித்தாள். வேலை முறிந்துவிடுகிறது, தூக்கம் கிடையாது, ஆனால் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றார்கள். இடத்தைப் பிடித்து வைக்க ஐம்பதாயிரம் கட்டினோம். 2024-25 கல்வியாண்டுக்கு, செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று மானியக் குழு உத்தரவு போட்டிருந்தது. அந்தத் தைரியத்தில்தான் கட்டினேன். அரசு நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தால் மாறிக்கொள்ளலாமே! வரவில்லை.

பாங்கில் ஏழரை லட்சம் கடன். நிலத்தைத் தொடவில்லை. மூன்றாவது ஆள் ஜாமீன் கேட்டார்கள். லண்டன் லண்டன் என்று குதித்த கொழுந்தனாரே வந்து கையெழுத்துப் போட்டார். பாக்கிக்கு என் இரட்டை வடமும் ஒரு சீட்டும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கட்டவேண்டாம் என்று பாங்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். வட்டி மட்டும் அந்த நாளெல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதை நாமாகக் கேட்டால்தான் சொல்கிறார்கள். 10 வட்டிக்கு, பாதிப் பணம் எடுத்த முதல் வருஷம் மாதம் 3,125 ரூபாய். முழுதும் எடுத்தபின் 6,250. இதை அப்போதைக்கப்போது கட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். எங்களுக்குப் பிறகு, 2024 நவம்பரில் பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் ஆனது. தரவரிசையில் உள்ள கல்லூரிகளுக்கு ஜாமீன் இல்லாமல் கடன். வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் பத்து லட்சம் வரையிலான கடனுக்கு வட்டியில் மூன்று சதவீதச் சலுகை. கடன் வாங்கப் போகிறவர்கள் முதலில் அதைக் கேளுங்கள்.

இன்னொன்று. நம்மில் சிலருக்குப் பிள்ளைகள் வளர்ந்த பிறகு அஞ்சல் வழியில் சைக்காலஜி படிக்கலாம் என்று ஆசை உண்டு. எனக்கே இருந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் முதல் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் சைக்காலஜிப் பட்டப்படிப்புக்கு ஆள் சேர்க்கக்கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. விளம்பரம் பார்த்து யாரும் பணம் கட்டிவிடாதீர்கள்.

2025 பொங்கலுக்குப் பெண் லீவில் வந்தாள். சின்ன அத்தையும் வந்திருந்தார். மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல் திண்ணையில் இரண்டு பேரும் உட்கார்ந்து விளக்கு வைக்கிற நேரம் வரை பேசினார்கள். அத்தை அவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை காபி கொண்டுபோனேன்; இரண்டு தடவையும் நான் வந்ததும் பேச்சு நின்றது. ராத்திரி, "அப்படி என்னடி பேசினீங்க?" என்று கேட்டேன்.

"சொந்தக்காரங்களுக்கு நாங்க வைத்தியம் பாக்கக் கூடாதும்மா. சும்மா கேட்டேன், அவ்வளவுதான்."

"அதான், என்ன சொன்னா?"

"அதச் சொல்லமாட்டேன்" என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.