வடித்த நீர்

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் பௌர்ணமி கிரிவலம்கூட நின்றுபோயிருந்தது. திருவண்ணாமலையில் பெற்றோர் வீட்டுக்கு வந்து திரும்ப இயலாமல் தங்கிவிட்ட நான், மெல்ல அம்மாவின் அடுக்களையில் அதிகாரம் செய்யத் தொடங்கினேன். நோய் எதிர்ப்புச் சக்தி என்ற சொல் அப்போது மந்திரம்போல் எங்கும் ஒலித்துக்கொண்டிருந்தது.

கொல்லை முருங்கையின் கீரையை அம்மா நிறைய நீரில் வேகவைத்து, அந்தப் பச்சை நீரைத் தென்னையின் அடியில் கொட்டிவிடுவாள். வைட்டமின் சி நீரில் கரைவது, சூட்டில் சிதைவது. "சத்தையெல்லாம் மரத்துக்கு ஊத்திட்டு, சக்கையை அப்பாவுக்குப் போடுறியே?" என்றேன். அம்மா பதில் சொல்லவில்லை.

என் தரப்பில் சாட்சிகள் இருந்தார்கள். 1747இல் ஸ்கர்வி கண்ட மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணம் கண்ட ஜேம்ஸ் லிண்ட், பின்னர் கடற்பயணத்தில் கெடாதிருக்க அந்தச் சாற்றைச் சூடாக்கி வற்றவைக்கப் பரிந்துரைத்தார். மருந்தின் பெரும்பகுதி அந்தச் சூட்டிலேயே போய்விடும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. ஆசிரமத்து அடுக்களையில் விடியுமுன் அமர்ந்து காய் நறுக்கிய ரமணர், எதுவும் வீணாவதை விரும்பாதவர் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

சமைப்பதால் எல்லாம் அழிந்துவிடுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். கீரையிலும் கேரட்டிலும் உள்ள பீட்டா கரோட்டினை, வேகவைத்துச் சிறிது எண்ணெயும் சேர்த்தால் உடல் எளிதாக ஏற்கும். முருங்கையிலையை வெயிலில் காயவைப்பதைவிட நிழலில் உலர்த்தினால் அது கூடுதலாகத் தங்கும். இவ்வளவும் தெரிந்த நான், உண்பவர் யார் என்று மட்டும் கேட்கவில்லை.

ஒருநாள் அலமாரியில் எதையோ தேடியபோது அப்பாவின் சிறுநீரகப் பரிசோதனைத் தாள்கள் கிடைத்தன. பொட்டாசியம் என்ற சொல்லின் கீழே கோடு. ஓரத்தில் அம்மாவின் கையெழுத்து: "காய், கீரை நெறைய தண்ணியில வேகவெச்சு வடிக்கணும்." இரண்டு வருடங்களாக இருவரும் என்னிடம் சொல்லாமலிருந்திருக்கிறார்கள். பொட்டாசியமும் நீரில் கரைவதுதான். வைட்டமினைக் கொண்டுபோன அதே நீர்தான், அப்பாவின் உடலால் வெளியேற்ற முடியாததில் ஒரு பங்கையும் கொண்டுபோயிற்று.

மறுநாள் கீரையை நானே வேகவைத்தேன். வடித்த பாத்திரத்தோடு கொல்லை வாசலில் தயங்கி நின்றேன்.

"தென்னைக்கே ஊத்து," என்றாள் அம்மா, திரும்பிப் பாராமல்.