பிட்ஸ்பர்க்: வானொலி பிறந்த ஊரில் ஒரு தேர்தல் இரவு

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தில் இரண்டு ஆறுகள் கலந்து மூன்றாவது ஆறு பிறக்கிறது. அல்லகெனியும் மொனொங்கஹீலாவும் சேரும் முனையில் ஒஹையோ ஆறு தொடங்குகிறது. அந்த முக்கோண நிலத்தில்தான் நகர மையத்தின் உயரக் கட்டடங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. எதிரே இருக்கும் குன்றுக்கு 1877ஆம் ஆண்டு முதல் ஓடும் டுகேன் சாய்வு ரயிலில் ஏறிப் போனால், மஞ்சள் பாலங்களோடு ஊர் முழுவதும் கண்ணில் விழும். இரும்பாலைகள் இரவு பகலாக இயங்கிய காலத்தில், புகைமூட்டத்தால் பட்டப்பகலில் தெருவிளக்கு ஏற்றிய ஊர் இது. இப்போது வானம் தெளிந்துவிட்டது. 2024 நவம்பர் முதல் வாரத்தில் நான் போனபோது அங்கே மூச்சு முட்ட வைத்தவை தேர்தல் விளம்பரங்கள்தான்.

அமெரிக்கா போகிறேன் என்றதும் நண்பர்கள் நியூயார்க், நயாகரா என்று பட்டியல் போட்டார்கள். நான் பிட்ஸ்பர்க்கைத் தேர்ந்தெடுக்க இரண்டு காரணங்கள். அதிபர் தேர்தலில் அதிகம் பேசப்பட்ட மாநிலம் பென்சில்வேனியா. அதன் இரண்டாவது பெரிய நகரம் பிட்ஸ்பர்க். இன்னொரு காரணம் என் தொழில். 1920 நவம்பர் 2ஆம் தேதி இரவு, இந்த ஊரின் ஓரத்தில் ஒரு தொழிற்சாலைக் கூரையிலிருந்துதான் கேடிகேஏ வானொலி தன் முதல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அன்று ஒலிபரப்பானது அதிபர் தேர்தல் முடிவு. ஒரு வானொலிப் படைப்பாளருக்கு இதைவிடப் பொருத்தமான புனிதத் தலம் ஏது?

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அதிபரை நாடு தழுவிய மொத்த வாக்குகள் தீர்மானிப்பதில்லை. மாநிலவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்ட 538 தேர்வாளர் வாக்குகளில் 270 பெறுபவரே வெற்றியாளர். பெரும்பாலான மாநிலங்கள் எந்தக் கட்சிக்குப் போகும் என்பது முன்பே தெரிந்த கதை. 2024ல் ஏழு மாநிலங்கள் மட்டும் ஊசலாடின. அவற்றில் மிகப் பெரியது 19 வாக்குகள் கொண்ட பென்சில்வேனியா. ஆகவே, கலிஃபோர்னியாவிலோ டெக்சசிலோ இருப்பவரைவிட இங்கே ஒரு முடிதிருத்தகத்தில் உட்கார்ந்திருப்பவரின் மனம் கட்சிகளுக்கு முக்கியம். அந்த மனத்தைப் பிடிக்க, எல்லாப் பதவிகளுக்குமான போட்டிகளையும் சேர்த்து, இந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 100 கோடி அமெரிக்க டாலருக்கும் மேல் விளம்பரத்தில் கொட்டினார்கள்.

வாடகைக் காரில் வானொலியைப் போட்டதும் அந்தப் பணம் பேசத் தொடங்கியது. ஒரே இடைவேளையில் வரிசையாக ஐந்து விளம்பரங்கள், ஐந்தும் அரசியல். கேட்டுக் கேட்டு அவற்றின் இலக்கணம் எனக்குப் பிடிபட்டுவிட்டது. முதல் 20 விநாடி எதிராளிக்கு. அடியில் கனமான ஒற்றைச் சுரம், பியானோவில் ஒரு சோகத் துளி, ரகசியம் சொல்வதுபோல ஒரு பெண் குரல். எதிராளி எப்போதோ பேசிய பேச்சிலிருந்து ஒரு துண்டு, எதிரொலி கூட்டி ஒட்டப்பட்டிருக்கும். பிறகு இசை மாறும், கிட்டார் வரும், விடியல் வரும், நம் வேட்பாளர் வருவார். பெட்ரோல் விலை, மளிகை விலை, கருக்கலைப்பு உரிமை, எல்லைக் காவல் என்று பொருள் மாறினாலும் மெட்டு ஒன்றுதான். பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் தொழில் இந்த மாநிலத்தில் பெரியது. அதைத் தடை செய்ய வேண்டும் என்று கமலா ஹாரிஸ் 2019ல் சொன்னதையும், தடை செய்யமாட்டேன் என்று 2024ல் சொன்னதையும் டிரம்ப் தரப்பு விடாமல் நினைவூட்டியது.

கடைசியில் ஒரு வரி மட்டும் மத்தியப் பதவி வேட்பாளர்களின் சொந்த விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இருக்கும். இந்தச் செய்தியை நான் அங்கீகரிக்கிறேன் என்று வேட்பாளர் சொல்லும் வரி. 2002ல் வந்த சட்டம் அதைக் கட்டாயமாக்கியது. வானொலி விளம்பரம் என்றால் அது வேட்பாளரின் சொந்தக் குரலிலேயே இருக்க வேண்டும். சேற்றை வாரி வீசுகிறவர் தன் முகத்தையும் காட்டட்டும் என்ற எண்ணத்தில் போட்ட சட்டம். வீசுகிறவர்கள் முகத்தைக் காட்டவும் பழகிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

எனக்கு வியப்பளித்தது நிலையங்களின் நிலைமை. மத்தியப் பதவிக்குப் போட்டியிடும் வேட்பாளரின் விளம்பரத்தில் ஒரு சொல்லைக்கூட நிலையம் வெட்ட முடியாது. பொய் என்று தெரிந்தாலும் ஒலிபரப்ப வேண்டும். தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களில் அவர்களிடம் ஆகக் குறைந்த கட்டணமே வாங்கலாம். வேட்பாளருக்கு ஆதரவாகத் தனியே இயங்கும் குழுக்களுக்கு இந்தச் சலுகை இல்லை. அவர்களிடம் சந்தை விலையை வாங்கலாம், விளம்பரத்தை மறுக்கவும் செய்யலாம். இதில் ஒரு நல்ல ஏற்பாடும் உண்டு. யார், எத்தனை விநாடி, என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற கோப்பை ஒவ்வொரு நிலையமும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். விடுதி அறையில் உட்கார்ந்து அந்தக் கோப்புகளை இணையத்தில் புரட்டினேன். காலைச் செய்திக்கு முன் 30 விநாடி, அமெரிக்கக் காற்பந்துக்கு நடுவே 30 விநாடி. ஒரு நாட்டின் பதற்றத்துக்கு விலைப்பட்டியல் போட்டதுபோல் இருந்தது.

சிங்கப்பூரில் வளர்ந்த காதுக்கு இது புதிது. இங்கே கட்சிகளின் அரசியல் ஒளிபரப்புக்கு நேரம் ஒதுக்கித் தரப்படுகிறது. விநாடிக் கணக்கில் விலைக்கு வாங்குவதில்லை. 2011 பொதுத் தேர்தல் முதல், வாக்களிப்புக்கு முந்தைய நாள் பிரசார ஓய்வு நாள். பென்சில்வேனியாவில் ஓய்வு என்ற பேச்சே இல்லை. வாக்குச்சாவடி திறந்த பிறகும் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

விளம்பரத்திலிருந்து தப்பிக்க நான் போன இடம் கோயில். பிட்ஸ்பர்க்கின் புறநகரான பென் ஹில்ஸ் குன்றில், 1970களில் எழுந்த வெங்கடேஸ்வரர் கோயில் இருக்கிறது. அமெரிக்காவின் மூத்த இந்துக் கோயில்களில் ஒன்று. நெடுஞ்சாலையில் போகும்போதே மரங்களுக்கு மேலே வெள்ளைக் கோபுரம் தெரியும். தரிசனம் முடித்துக் கீழ்த்தள உணவுக்கூடத்தில் புளியோதரையோடு உட்கார்ந்தபோது, எதிரே ஒரு வயதான தமிழ்த் தம்பதி. ஐயா ஒரு காலத்தில் வெஸ்டிங்ஹவுசில் பொறியாளர்.

“ரெண்டு மாசமா டிவி போடறதையே விட்டுட்டோம், தம்பி. சோப்பு விளம்பரம் வந்தா போதும்னு ஆயிடுச்சு,” என்றார் அம்மா.

“தபால் பெட்டியைத் திறந்தா கத்தை கத்தையா அட்டை. அவளுக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. எங்க வீட்டுக்குள்ள யார் எந்தப் பக்கம்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. எனக்கே போன மாசம்தான் தெரியும்,” என்று சிரித்தார் ஐயா.

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான திருவாரூர் மாவட்டத்துத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை நடந்த செய்தி அந்த மேசையிலும் பேச்சானது. அதில் அம்மாவுக்குப் பெருமை. ஐயாவுக்கு விலைவாசிதான் கவலை. இருவரும் வாக்களித்துவிட்டார்கள். தட்டைக் கழுவ எழுந்தபோது அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இவ்வளவு சத்தத்துல ஒருத்தர்கூட நமக்கு என்ன வேணும்னு கேக்கலியே, தம்பி.”

அங்கிருந்து கொஞ்ச நேரக் கார்ப் பயணத்தில் கிழக்கு பிட்ஸ்பர்க். டர்ட்டில் கிரீக் பள்ளத்தாக்கின் மேல் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் ஒரு பெரிய பாலம் நிற்கிறது. அதன் மேலிருந்து பார்த்தால் கீழே நீண்டு கிடப்பது அந்த நிறுவனத்தின் பழைய மின்சாதனத் தொழிற்சாலை வளாகம். இப்போது பல சிறு நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கின்றன. 1920ல் அங்கே ஒரு கட்டடத்தின் கூரை மேல் சிறு கொட்டகை போட்டு ஒலிபரப்பினார்கள்.

அந்தக் கதையின் தொடக்கமும் ஒரு விளம்பரம்தான். வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர் ஃபிராங்க் கான்ராட் தன் வீட்டுக் கார் கொட்டகையிலிருந்து பொழுதுபோக்காகப் பாட்டுத்தட்டுகளை ஒலிபரப்பி வந்தார். அதைக் கேட்க வானொலிப் பெட்டி 10 டாலருக்குக் கிடைக்கும் என்று ஹார்ன் அங்காடி 1920 செப்டம்பரில் ஒரு நாளேட்டில் விளம்பரம் கொடுத்தது. அதைப் பார்த்த நிறுவனத் துணைத் தலைவர் ஹாரி டேவிசுக்குப் பொறி தட்டியது. நாமே நாள்தோறும் ஒலிபரப்பினால் நம் பெட்டி விற்குமே! தொடங்க நல்ல நாள் பார்த்தார்கள். தேர்தல் நாள் அமைந்தது. அமெரிக்கா முழுவதும் பெண்கள் வாக்களித்த முதல் அதிபர் தேர்தல் அது. ஹார்டிங்குக்கும் காக்சுக்கும் போட்டி.

நாளேட்டு அலுவலகத்திலிருந்து முடிவுகள் தொலைபேசியில் வந்தன. நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் வேலை பார்த்த லியோ ரோசன்பெர்க் அவற்றை ஒலிவாங்கியில் வாசித்தார். நடுநடுவே இசை. நடுநடுவே ஒரு வேண்டுகோளும்: இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள், எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று அறிய விரும்புகிறோம். உலகின் முதல் வானொலி நிலையம் எது என்பதில் டெட்ராய்ட் உட்பட வேறு ஊர்களும் உரிமை கோருகின்றன. அந்த வழக்கு எப்படியானாலும், அந்த வேண்டுகோள் எனக்குப் பெரிது. பெட்டி விற்க வந்தவர்தான். ஆனால் எண்ணை எண்ணாக வாசித்தார். கேட்பவர் இருக்கிறாரா என்றும் விசாரித்தார்.

அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சில கிலோமீட்டரில், ரேங்கினில், துருவேறி நிற்கின்றன கேரி இரும்பு உலைகள். வாக்களிப்புக்கு முந்தைய நாளான நவம்பர் 4ஆம் தேதி அந்த உலைகளின் முன்னால் ஹாரிஸின் கூட்டம். அதே மாலை நகர மையத்தின் பிபிஜி பெயின்ட்ஸ் உள்ளரங்கில் டிரம்பின் கூட்டம். ஒரே ஊர், ஒரே மாலை, இரண்டு அமெரிக்காக்கள்.

மறுநாள் இரவு 8 மணிக்கு வாக்களிப்பு முடிந்தது. சிங்கப்பூரில் அப்போது புதன்கிழமை காலை 9 மணி. நகர மையத்தில் ஓர் உணவகத்தில், நான்கு தொலைக்காட்சிகளுக்குக் கீழே இடம் பிடித்தேன். அரசியல் விளம்பரங்கள் குழாயை மூடியதுபோல் நின்றுவிட்டன. வரைபடங்களும் எண்களும் மட்டும்.

இங்கே ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் தேர்தல் அதிகாரி முடிவை வாசித்தால் அதுதான் முடிவு. அமெரிக்காவில் அன்றிரவே வெற்றியாளரை அறிவிக்கும் தேசியத் தேர்தல் ஆணையம் கிடையாது. மாநிலங்கள் சான்றளிக்க வாரக்கணக்கில் ஆகும். அன்றிரவு இன்னார் வென்றார் என்று நாட்டுக்குச் சொல்வது ஊடகம். ஏபி செய்தி நிறுவனம் 1848 முதல் இந்த வேலையைச் செய்து வருகிறது. ஆகவே ஓர் அறிவிப்பாளரின் ஒரு வாக்கியத்துக்கு அங்கே பெரும் எடை.

அந்த எடை எப்படி அழுத்தும் என்பதை 2000ஆம் ஆண்டு காட்டியது. ஃபுளோரிடா மாநிலம் அல் கோருக்கு என்று தொலைக்காட்சிகள் மாலையில் அறிவித்தன. இரவு திரும்பப் பெற்றன. அதிகாலையில் புஷ்ஷுக்கு என்றன. அதையும் திரும்பப் பெற்றன. கடைசியில் 537 வாக்கு வித்தியாசம், டிசம்பர் வரை வழக்கு. 2020ல் பென்சில்வேனியாவின் முடிவுக்கு நான்கு நாள் காத்திருந்தார்கள். அஞ்சல் வாக்குகளை வாக்களிப்பு நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்பது இங்குள்ள சட்டம். அந்தக் காத்திருப்பின் இடைவெளியில்தான் வதந்திகள் முளைத்தன.

2024ல் அவ்வளவு இழுக்கவில்லை. நள்ளிரவு தாண்டியதும் உணவகத்தில் பாதி மேசைகளில் பேச்சு அடங்கிவிட்டது. அதிகாலை 1.47க்கு ஃபாக்ஸ் நியூஸ் டிரம்பை வெற்றியாளராக அறிவித்தது. ஏபி 2.24க்குப் பென்சில்வேனியாவை அவருக்குத் தந்தது. ஆனாலும் அதிபர் பதவி அவருக்கே என்று சொல்ல, விஸ்கான்சின் முடிவு உறுதியாகும்வரை, 5.34 வரை பொறுத்திருந்தது. இறுதிக் கணக்கு 312க்கு 226. பென்சில்வேனியாவில் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் வாக்குகள்.

இரண்டு அறிவிப்புக்கும் நடுவே கிட்டத்தட்ட நான்கு மணி நேரம். இரண்டுமே சரிதான். எனக்குப் பிடித்தது அந்த நான்கு மணி நேரம். ஒலிவாங்கி முன் உட்காருகிறவர்களுக்கு மிகக் கடினமான வாக்கியம் ‘இன்னும் தெரியவில்லை’ என்பது. மௌனம் எங்கள் தொழிலில் பாவம். எதையாவது சொல்லி நிரப்பச் சொல்லும் உள்ளுணர்வு. அதை அடக்கி, எண்ணி முடியவில்லை என்று திரும்பத் திரும்பச் சொல்ல ஒரு துணிவு வேண்டும். 30 விநாடி விளம்பரத்துக்கு ஒருபோதும் வராத துணிவு அது. விளம்பரத்துக்கு எல்லாம் தெரியும். எதிராளி யார், நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டும், நாளை என்ன ஆகும், எல்லாம்.

கோயிலில் அந்த அம்மா சொன்னது இதைத்தான் என்று தோன்றுகிறது. 100 கோடி டாலருக்கு மேல் செலவழித்தும், கேட்பவர் இருக்கிறாரா என்று விசாரிக்கும் நேரம் யாருக்கும் இல்லை. விளைவு, மக்கள் பெட்டியை அணைத்துவிடுகிறார்கள். அணைத்த பெட்டியில் பொய்யோடு சேர்த்து மெய்யும் கேட்காமல் போகிறது. இழப்பு அதுதான், அது அமெரிக்காவுக்கு மட்டும் உரிய இழப்பும் அல்ல.

வியாழக்கிழமை நான் கிளம்பும்போது, பிட்ஸ்பர்க் வானொலிகளில் நாற்காலி மெத்தைக் கடைகளும் பல் மருத்துவர்களும் திரும்பி வந்திருந்தார்கள். ஊரே மூச்சு விட்டதுபோல் இருந்தது. பிட்ஸ்பர்க் போகிறவர்கள் ஆறுகளைப் பாருங்கள், சாய்வு ரயிலில் ஏறுங்கள், பென் ஹில்ஸில் புளியோதரை சாப்பிடுங்கள். நேரம் இருந்தால் அந்தப் பள்ளத்தாக்குப் பாலத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். ‘கேட்கிறதா?’ என்று ஒரு குரல் நேயரிடம் கேட்ட இடம் அது.