ஓக் வாசனை

ஒயின் விஷயத்தில் எனக்கு வாய் இருக்கிற அளவுக்கு நாக்கு கிடையாது. நாலு புத்தகத்தைப் புரட்டிவிட்டு, கோப்பையைச் சுழற்றுவது, மூக்கை உள்ளே விட்டுக் கண்ணை மூடுவது, பெரிய ரசிகன்போலத் தலையாட்டுவது எல்லாம் பழகி வைத்திருந்தேன். காக்கசஸ் மலையடிவாரத்தில், ஜார்ஜியா நாட்டின் ககேதிப் பகுதியில், அந்த வேஷம் பல்லிளித்தது.

தெலாவிக்குப் பக்கத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரர் ர்காட்சிதெலி ஒயினை ஊற்றினார். வெள்ளைத் திராட்சைதான், நிறமோ தேயிலை டிக்காஷன். வாயில் வைத்ததும் ஒரு துவர்ப்பு. "ஓக் பீப்பாயில் வைத்திருந்தீர்களா? வாசனை அருமை" என்றேன்.

அவர் மறுத்துப் பேசவில்லை. மரானிக்குக் கூட்டிப் போனார். ஒயின் கூடத்துக்கு அங்கே அதுதான் பெயர். உள்ளே பீப்பாய் என்று ஒன்றுகூட இல்லை. தரையில் வட்ட வட்டமாக வாய்கள். எல்லாம் கழுத்துவரை புதைத்த மண் தாழிகள், க்வெவ்ரி என்கிறார்கள். உட்புறம் தேன்மெழுகு பூச்சு. அறுவடை முடிந்ததும் சாற்றைத் தோல், விதை, காம்போடு அதில் கொட்டுகிறார்கள். நுரைக்கும்போது தோல் மேலே மிதந்து கெட்டியாகிவிடும் என்பதால், நாளுக்குச் சில தடவை கழியால் அமுக்கிவிட வேண்டும். அடங்கியபின் மூடிவைத்தால் திறப்பது வசந்தத்தில்தான். நான் மெச்சிய வாசனையும் துவர்ப்பும் திராட்சைத் தோல் கொடுத்தவை. தாழி கழுவும் கருவியையும் எடுத்துக் காட்டினார்: நீண்ட கழி, நுனியில் செர்ரி மரப்பட்டை அடுக்கு. பெரிய தாழி என்றால் ஆளே உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டுமாம்.

க்வெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இல் தன் பட்டியலில் சேர்த்ததும், அந்த நாட்டில் கி.மு. 6000 வாக்கிலேயே ஒயின் செய்ததற்கான தடயம் பானை ஓடுகளில் கிடைத்ததாக 2017-இல் ஆய்வாளர்கள் அறிவித்ததும் எனக்குத் தெரியாதவை அல்ல. புறப்படும் முன்பே படித்தவைதாம். கோப்பை கைக்கு வந்ததும் படித்தது பறந்துபோய், படம் காட்டும் புத்திதான் மிஞ்சியது.

இதுகூடப் பரவாயில்லை. ஊர் திரும்பி இந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன்; கேட்டவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆனால் என் கதையில் ஓக் வாசனையைக் கண்டுபிடித்தது நான் இல்லை. கூட வந்த நண்பர். பாவம், அன்று அவர் வாயே திறக்கவில்லை. பேசாமல் குடித்துவிட்டு, இன்னொரு கோப்பை கேட்டு வாங்கினார். அவர் இருக்கும் இடத்தில் மட்டும் இந்தக் கதையை நான் எடுப்பதில்லை.