அலுவலகப் படி

போன ஐப்பசி மழையில் ஒரு நாள் இரவு முழுக்க மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பிறகு நாள் கணக்கில் இருட்டில் கிடந்தவர்கள் நாம். அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் காபியோடு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கறுப்புத் திரையில் ஒரே ஒரு வெள்ளை வரி. துவக்குவதற்கு டிஸ்க் எதுவும் அகப்படவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னது.

அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். அதே வரி.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்தத் தம்பி திறந்துகூடப் பார்க்கவில்லை. "ஹார்டு டிஸ்க் போச்சு சார். புதுசா எஸ்.எஸ்.டி. போட்டுடுவோம், பறக்கும்" என்றான்.

"உள்ளே இருக்கிறது?"

"போனது போனதுதான் சார்."

உள்ளே இருந்தது என்ன என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இந்தப் பக்கத்துக்காக எழுதி வைத்த கட்டுரைகள் போனால் போகட்டும், இன்னொரு தடவை எழுதலாம். என் மனைவி காலமாவதற்கு இரண்டு வருடம் முன்பு, பாரிஸில் இருக்கும் மகளுக்காகச் சமையல் குறிப்புகளைச் செல்போனில் பேசிப் பதிவு செய்திருந்தாள். மொத்தம் பன்னிரண்டு. அந்தப் போன் எப்போதோ பழுதாகிவிட்டது. குரல் இருந்தது இந்த ஒரு டிஸ்கில் மட்டும்தான்.

"ஒரு காப்பி எடுத்து வைங்கப்பா" என்று மகள் ஒவ்வொரு ஞாயிறும் சொல்வாள். "நாளைக்கு" என்பேன்.

இதைச் சொன்னவன் யார்? முப்பத்தைந்து வருடம் அரசாங்க குமாஸ்தா. கார்பன் தாள் வைக்காமல் ஒரு கடிதம் டைப் அடித்தவனில்லை. அனுப்புவது ஒன்று, கோப்பில் தைக்கும் அலுவலகப் படி ஒன்று. ஊரார் பட்டாவுக்கெல்லாம் படி வைத்தவன் சொந்த வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

பெட்டியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். எதிர்வீட்டுப் பேரப்பிள்ளை பாலிடெக்னிக்கில் படித்தவன். சாயங்காலம் வந்தான். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைக் கழற்றினான். மறுபடி கரண்ட் கொடுத்து, "பேசாம கேளுங்க தாத்தா" என்றான்.

மெல்லிய ரீங்காரம் கேட்டது.

"சுத்துது. டிக் டிக்குன்னு அடிச்சிருந்தா நான் தொட்டே இருக்க மாட்டேன்."

காரணமும் சொன்னான். உள்ளே தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றுகிறது. படிக்கிற தலை தட்டைத் தொடுவதில்லை, காற்றில் மிதக்கிறது. இடைவெளி தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லையாம். தலை உடைந்து தட்டில் உரசினால், ஒவ்வொரு தடவை போடும்போதும் எழுத்து அழிந்துகொண்டே போகும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டதும் சிரித்தான். நம் ஊர் ஈரக் காற்றில் உள்ளே தண்ணீர் கோத்துக்கொள்ளும், இருப்பதும் போய்விடும் என்றான்.

அடுத்து, திரையில் தேதியைக் காட்டினான். பல வருடம் பின்னால் போயிருந்தது. போர்டில் காசு மாதிரி இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. மாற்றினான். அப்போதும் டிஸ்கின் பெயர் வரவில்லை. டிஸ்குக்குப் போகும் கேபிளைப் பிடுங்கினான். முனை கறுத்திருந்தது. கடற்கரையிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறது என் வீடு. ஜன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று இதை விடுமா? வேறு கேபிள் போட்டதும் பெயர் வந்தது. எனக்கு உயிர் வந்தது.

ஆனால் விண்டோஸ் எழும்பவில்லை. மின்சாரம் போய்ப் போய் வந்ததில் துவக்குவதற்கான பகுதி கெட்டிருந்தது. எங்கள் ரிக்கார்டு ரூம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அட்டவணைப் பதிவேட்டைக் கரையான் தின்றால் எந்தக் கட்டு எங்கே என்று தெரியாது. ஆனால் கட்டுகள் அலமாரியில் அப்படியேதான் இருக்கும். பையனிடம் சொன்னேன். "அதேதான் தாத்தா" என்றான்.

"ரிப்பேர் பண்ணிடலாமா?" என்றேன்.

"முதல்ல காப்பி. ரிப்பேர் அப்புறம்."

ரிப்பேர் செய்கிறேன் என்று டிஸ்கில் எதையாவது எழுதப்போனால் இருப்பதும் அழியலாமாம். ஒரு பென் டிரைவில் உபுண்டு கொண்டுவந்து அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் துவக்கினான். என் டிஸ்க் அதில் வெறும் அலமாரியாகத் திறந்தது. காரைக்காலில் நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கம்ப்யூட்டருக்குப் பிரெஞ்சில் 'ஒர்தினத்தர்' என்று பெயர். 1955-இல் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் ஐ.பி.எம். நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துகிறவன் என்று பொருள். அன்று என் கண்ணுக்கு அந்தப் பையன்தான் ஒர்தினத்தர்.

இரவு பத்து மணிவரை காப்பி ஓடியது. பதினோரு பதிவு முழுசாக வந்தது. பன்னிரண்டாவது பாதியில் நின்றுவிட்டது. அந்த இடத்தில் தட்டு பழுது. சுறாப்புட்டு. "பூண்டை நல்லா நசுக்கிப் போட்டு, அப்புறம்..." அவ்வளவுதான். பையன் மூன்று தடவை முயன்றான். போதும் தம்பி என்றேன்.

அன்றிரவே மகளைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமில்லை. பிறகு, "அப்புறம் என்னன்னு எனக்குத் தெரியும்பா" என்றாள். சொன்னாள். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

இப்போது அந்தப் பதிவுகள் மூன்று இடத்தில் இருக்கின்றன. புதிய டிஸ்கில் ஒன்று, பீரோவில் தனி டிஸ்கில் ஒன்று, பாரிஸில் மகளிடம் ஒன்று. ஒரே வீட்டில் எத்தனை படி இருந்தாலும் ஒரு வெள்ளம் போதும். 2004 டிசம்பரைப் பார்த்த ஊருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அலுவலகத்தில் நிரந்தரமாக வைக்க வேண்டிய கோப்புக்கு ஆர்.டிஸ். என்று குறிப்போம். உங்கள் கம்ப்யூட்டரிலும் செல்போனிலும் ஆர்.டிஸ். போட வேண்டியவை எவை என்று பாருங்கள். இன்றைக்கே ஒரு அலுவலகப் படி எடுத்து வையுங்கள். நாளைக்கு என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன். என்னிடம் இருப்பது பதினொன்றரை.