தடுமாறும் நொடியில் தெரியும் ஆள்

அமெரிக்கக் கால்பந்தில் ஆட்டம் தொடங்கியதும் அரங்கின் கண்கள் அத்தனையும் பந்தை வீசும் குவாட்டர்பேக்கின் கையையே பின்தொடரும். தொலைக்காட்சிக் கேமராவும் அங்கேதான் போகும். அவரைக் காக்க முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்கிறார்கள். அந்த வரிசையின் இரு ஓரங்களில் நிற்பவர்கள்தான் டேக்கிள்கள். கல்லூரி ஆட்டம் பார்க்கும்போது என் கண் அந்த ஓரத்து ஆளிடமே நிற்கும். பந்து எங்கே போனது என்பதைப் பிறகு தெரிந்துகொள்ளலாம்.

அவருடைய வேலை உடம்பின் இயல்புக்கே எதிரானது. 140 கிலோ எடையைப் பின்னோக்கியும் பக்கவாட்டிலும் நகர்த்தியபடி, தன்னைவிட வேகமாகப் பாய்ந்து வருபவரை மறிக்க வேண்டும். வருபவர் வெளிப்பக்கமாகச் சுற்றிப் போகலாம். நெஞ்சில் மோதித் தள்ளலாம். வெளியே போவதாகப் போக்குக் காட்டிவிட்டு உள்ளே நுழையலாம். எதைச் செய்வார் என்று முன்கூட்டியே தெரியாது. தாங்க வேண்டியது இரண்டரை, மூன்று நொடிதான்; ஆனால் அந்த நொடிகளில் ஒரு மனிதரின் எதிர்காலமே அடங்கியிருக்கிறது. வலக்கையால் வீசும் குவாட்டர்பேக்குக்கு இடப்பக்கம் முதுகுப்புறமாகிவிடும். 1985 நவம்பரில் எதிரணியின் லாரன்ஸ் டெய்லர் வீழ்த்தியதில் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மனின் கால் முறிந்தது. அதன்பின் அவர் களமிறங்கவே இல்லை. அந்த இடப்பக்கத்தைக் காக்கும் லெஃப்ட் டேக்கிளுக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று கேட்டால் இன்றும் அந்த இரவைத்தான் சொல்கிறார்கள்.

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன்பு, இண்டியானாபொலிஸில் நடக்கும் கம்பைன் என்ற சோதனை முகாமில் இளைஞர்களை அங்குலம் அங்குலமாக அளக்கிறார்கள். உயரம், எடை, கை நீளம், 40 கஜ ஓட்டம், 225 பவுண்டு பாரத்தை எத்தனை முறை தூக்குகிறார் என்ற கணக்கு. டேக்கிளுக்குக் கை நீளம் பெரிய விஷயம். யாருடைய கை முதலில் எதிராளியின் நெஞ்சில் பதிகிறதோ அவர் சொன்னபடிதான் மோதல் நடக்கும். 34 அங்குலம் இருந்தால் வீரர்களை எடைபோடும் ஸ்கவுட்டுகளுக்கு நிம்மதி. குறையக் குறைய, இவரை உள்ளே தள்ளி, டேக்கிளுக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டாக ஆடவைக்கலாமே என்ற பேச்சு எழும். இந்த அளவுகளை நான் மதிக்கிறேன். பாதம் மெதுவான ஒருவரை மனவுறுதி மட்டும் காப்பாற்றாது. ஆனால் ஒருவர் இந்த வேலைக்கு வரலாமா என்பது வரைக்கும்தான் அளவுநாடா சொல்லும். வந்தபின் நிலைப்பாரா என்பதற்கு ஆட்டப் பதிவைத்தான் பார்க்க வேண்டும்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ரஷான் ஸ்லேட்டருக்குக் கை நீளம் 33 அங்குலம். கோவிட் காலத்தில், 2020 பருவத்தில் அவர் ஆடவில்லை. 2021 டிராஃப்டுக்கு அவரை எடைபோட முந்தைய ஆண்டுகளின் பதிவுகளே மிஞ்சின. அவற்றில் அதிகம் பேசப்பட்டது 2019-இல் ஒஹையோ ஸ்டேட்டுடன் நடந்த ஆட்டம். அதில் நார்த்வெஸ்டர்ன் 52-3 என்று படுதோல்வி அடைந்தது. எதிரே நின்றவர் சேஸ் யங். அடுத்த டிராஃப்டில் இரண்டாவது ஆளாக எடுக்கப்பட்டவர். அணியே சரிந்துகொண்டிருந்த அந்த இரவில் ஸ்லேட்டர் அவருக்கு ஈடுகொடுத்து நின்றார். சார்ஜர்ஸ் அணி அவரை 13-ஆவதாக எடுத்து லெஃப்ட் டேக்கிளாகவே ஆடவைத்தது. முதல் பருவத்திலேயே என்எஃப்எல்லின் நட்சத்திர ஆட்டமான ப்ரோ பவுலுக்குத் தேர்வானார்.

ஒரு டேக்கிளின் நல்ல ஆட்டங்களைத் தொகுத்துப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கல்லூரி எதிராளிகளில் பலர் அவரைவிட எளியவர்கள். பல அணிகள் பந்தைச் சட்டென்று வீசிவிடுவதால் அவர் சோதிக்கப்படும் தருணமே குறைவு. ஆகவே மூன்றாவது முயற்சியில் பத்து கஜம் தேவைப்படும் கட்டங்களைத் தேடிப் பார்க்கிறேன். வீசத்தான் போகிறார்கள் என்று எதிரணிக்கும் தெரியும். அங்கே அவர் ஏமாந்துபோகும் நொடி ஒன்று வரும். அப்போது பதறி எட்டிப் பிடிக்கிறாரா, இடுப்பைத் தாழ்த்திக் காலை மீண்டும் ஊன்றுகிறாரா? அடுத்த முறை அதே எதிராளி அதே வித்தையோடு வரும்போது அவர் கால் வைக்கும் இடம் மாறியிருக்கிறதா? நான்காவது கால்பகுதியில், மூச்சு வாங்கும்போதும், முதுகு நேராக இருக்கிறதா? தொழில்முறை ஆட்டத்தில் எல்லாரும் தோற்கடிக்கப்படுவார்கள். தோற்ற கையோடு திருத்திக்கொள்ளத் தெரிந்தவர்தான் பத்தாண்டு நிற்பார்.

இத்தனை பார்த்தும் தீர்ப்பு தவறலாம். 2013 டிராஃப்டின் முதல் நான்கு இடங்களில் மூன்று டேக்கிள்கள்: எரிக் ஃபிஷர், லூக் ஜோக்கல், லேன் ஜான்சன். கல்லூரி ஆட்டத்தின் சிறந்த முன்வரிசை வீரருக்கான அவுட்லண்ட் விருதோடு வந்தவர் ஜோக்கல். முதல் பருவத்திலேயே கணுக்கால் முறிந்தது. எதிர்பார்த்த டேக்கிளாக அவரால் ஆக முடியவில்லை. அதே டிராஃப்டில் 109-ஆவது ஆளாகக் க்ரீன் பே அணி எடுத்த டேவிட் பக்தியாரி, குவாட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸின் முதுகைக் காத்து, நாட்டின் தலைசிறந்த டேக்கிள்களில் ஒருவரானார். ஜோக்கலைத் தவறான தேர்வு என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டுப் போவது எனக்குச் சம்மதமில்லை. முறிந்த எலும்பை எந்தப் பதிவும் முன்னறிவிக்காது.

நாம் எடைபோடுபவர்கள் இருபத்தொன்று, இருபத்திரண்டு வயதுக்காரர்கள். நம் ஒரு சொல் அவர்களுடைய சம்பளத்தையும் ஊரையும் பெயரையும் தொடும். எத்தனையாவது இடம் என்ற எண்ணை மட்டும் சொன்னால், அதைச் சரிபார்க்க வழியில்லை. என்ன கண்டு அப்படிச் சொன்னோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால், பிறர் அதே பதிவைப் போட்டுப் பார்த்து நம்மை மறுக்க முடியும். மறுக்க இடம் தரும் மதிப்பீடுதான் அந்த இளைஞருக்கு நாம் செய்யக்கூடிய நியாயம்.