எஞ்சினுக்குப் பின்னாடி இருக்கிற வயல்

பழைய கரி எஞ்சின் படங்களைத் துருவித் துருவிப் பார்க்கிறவங்க ஒரு தனி ரகம். சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் அந்த ரகம். போன மாசம் ஒரு கருப்பு வெள்ளைப் படம் அனுப்பி, "அண்ணே, இது உங்க பக்கம் மாதிரி தெரியுதே"ன்னு கேட்டார். தேதியோ ஊரோ எதுவும் எழுதாத படம்.

எஞ்சினை அவர் பார்த்துட்டார். பக்கவாட்டில் ரெண்டு சின்ன சக்கரம், மூணு பெரிசு, பின்னால ஒரு சின்னது: அப்ப அது மீட்டர்கேஜ் ஒய்.பி. எஞ்சின். டெண்டர்ல எஸ்.ஆர்.னு எழுத்து, தெற்கு ரயில்வே உருவானது 1951 ஏப்ரல்ல, அதனால அதுக்கு முந்தி இல்ல. பெட்டியில் தொங்குற பலகையில மாயவரம்னு இருக்கு. ஊர் பேர் மயிலாடுதுறைன்னு மாறினது 1982. நடுவுல முப்பது வருஷம். அதுக்கு மேல அவருக்குப் பிடி கிடைக்கல.

மீதி வயல்ல இருந்துச்சு. வரப்புல நிக்கிற ஆளோட இடுப்புக்கு மேல நெல், கதிர் பாரத்தில் சாஞ்சு படுத்திருக்கு. அது பழைய நெட்டை சம்பா. அறுப்புக்கு நிக்குதுன்னா தை மாசம். அறுபதுகளோட கடைசியில குட்டை ரகங்கள் வந்த பிறகு இப்படி ஒரு வயலைப் பார்க்கிறது எங்க பக்கம் குறைஞ்சு போச்சு. புகையை வெச்சு காத்து சொல்லுங்கன்னார். ஓடுற வண்டியில புகை பின்னாடிதானே போகும்! தென்னங்கீத்தைத்தான் பார்க்கணும். ரெட்டைப் பனையும் பக்கத்து அரசமரமும் இருந்ததால இடத்துல சந்தேகமே இல்ல.

டெண்டருக்குப் பின்னால, ரயில் மேட்டை ஒட்டி, பயிர் இல்லாத ஒரு பட்டை. அதுல தண்ணி மின்னுது, ரெண்டு கொக்கு நிக்குது. எங்க வடிவாய்க்கால்! தூர்ந்து, மூடி, இப்ப அதும்மேல கட்டடம். ஐப்பசி மழையில எங்க அஞ்சு குடும்பத்து நடவு வருஷா வருஷம் தண்ணியில நிக்குது. அலுவலகத்துல கேட்டா "அங்க வாய்க்காலே இருந்ததில்ல"ங்கிறாங்க.

படத்தைப் பெரிசா பிரிண்ட் போட்டு, நண்பர் எழுதின எஞ்சின் விவரத்தோட மனுவுல சேத்துக் கொடுத்திருக்கோம். அளக்க வர்றதா சொல்லியிருக்காங்க, இன்னும் வரல.

மாயவரம் – கும்பகோணம் பாதையில எடுத்த படம் உங்க வீட்டு ஆல்பத்துல இருந்தா அனுப்புங்க. எஞ்சின் மட்டும் தெரியற மாதிரி ஓரத்தை வெட்டிடாதீங்க.